நான் முகாம் வைத்திருந்த கதை

பிள்ளையள், உங்கள் அம்மாவை எனக்குப் பேசி முடித்து, ஆவணியில் கலியாணம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்த நேரத்தில் வானொலி என்னைப் பயங்கரவாதி ஆக்கிவிட்டது. அதுவும் சும்மா பயங்கரவாதி இல்லை, முகாம் வைத்து நடத்துகிறவன். இதை வேறு ஆரும் கூட்டிக் குறைத்து உங்களுக்குச் சொல்லமுதல் நானே எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கினவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை. உடுப்பிட்டியில் எங்கள் தோட்டத்து மூலையில் புகையிலைக் குடில் ஒன்று இருந்தது. மண் சுவர், ஓலைக் கூரை. உள்ளே கம்புகளில் புகையிலையைத் தொங்கவிட்டு, கீழே தேங்காய்ப் பொச்சு மட்டையை மூட்டிப் புகை போடுவோம். கூரையெல்லாம் புகை கசியும். ஆறு வருசமாக அப்படித்தான் கசிந்தது. அதில் ஒரு பிழை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் மேலேயிருந்து பார்த்த ஒருவனுக்குத் தோன்றியது.

மத்தியானம் ஆமிக்காரரின் ஹெலிகொப்டர் வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நான் வெங்காயப் பாத்திக்கு இடையில் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் எங்கே போனது என்று தெரியாது. படபடவென்று சுட்டார்கள். குடில் பற்றி எரிந்தது. இலையெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்த மணத்தில் ஊரே இருமியது.

இரவுச் செய்தியில் சொன்னார்கள்: "உடுப்பிட்டிப் பகுதியில் இயங்கிவந்த பயங்கரவாதிகளின் முகாம் ஒன்று தாக்கி அழிக்கப்பட்டது. பயங்கரவாதிகள் பலர் கொல்லப்பட்டனர்."

கொல்லப்பட்டது குடிலோடு சாய்ப்பாக இறக்கியிருந்த பத்திக்குள் அடை கிடந்த எங்கள் சிவப்புக் கோழி. அதன் கீழ் பதினொரு முட்டை. முட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால் 'பலர்' சரிதான்.

அக்கா றேடியோவை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. "கோழிக்கூட்டை ஒழுங்கா அடைக்கத் தெரியாது. முகாம் நடத்திறாராம் முகாம்!"

வானொலி இடத்தை மட்டும்தான் சொன்னது. ஆளைச் சொன்னது எங்கள் சனம். ஆறு வருசமாக நான் பொச்சு சுமந்ததைக் கண்ட ஆட்கள்தான், விடிந்தபோது சந்தேகப்படத் தொடங்கியிருந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் எனக்குக் கதிரை துடைத்துப் போட்டார்கள். "உவன் முந்தியே ஒரு மாதிரி அமைதி. அமைதியான ஆக்களைத்தான் நம்பேலாது" என்று பின்னால் ஒருவர் சொன்னது கேட்டது. அவரே பக்கத்தில் வந்து, "தம்பி, எங்கடை காணி எல்லைப் பிரச்சினை ஒண்டு இருக்கு, உங்கடை ஆக்களிட்டை ஒருக்காச் சொல்லி..." என்று இழுத்தார். எனக்கு ஆட்கள் என்று இருந்தது அக்கா மட்டும். எல்லைப் பிரச்சினைக்கு அவ போதும்தான்.

மூன்றாம் நாள் என்னோடு ஒன்றாகப் படித்தவன் வந்தான். அவன் அப்போது ஆயுதம் தூக்கின இயக்கம் ஒன்றில் இருந்தான். அந்த நேரம் ஊரில் இயக்கங்கள் ஒன்றிரண்டு இல்லை. ஒன்றுக்கு மற்றதைக் கண்ணில் காட்டக் கூடாது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நேரே சாம்பலைத்தான் கிளறினான்.

"மச்சான், உண்மையைச் சொல். எங்களுக்குத் தெரியாமல் ஆரின்ரை முகாம் இது?"

"புகையிலையின்ரை முகாமடா."

"பகிடி விடாதை. மேலிடத்தில கேக்கினம்."

கருகின முட்டைக்கோது ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவன் அதைக் கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஏதோ புது விதமான குண்டு மாதிரி. பிறகு சிரித்தான். சிரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஆமிக்காரங்கள் உன்னைப் பயங்கரவாதியெண்டு எழுதிப்போட்டாங்கள். இனி நீ இல்லையெண்டாலும் ஓம்தான். குடிலும் போச்சு. எங்களோடை வாவன்" என்றான்.

நான், "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

பிள்ளையள், இந்த இடத்தில் உங்கள் தகப்பன் 'மாட்டன்' என்று சொன்னதாக எழுத எனக்கு விருப்பம். சொல்லவில்லை. வாய்க்காலுக்குள் சாரமில்லாமல் கிடந்த மனிசனுக்கு அந்தக் கேள்வி இனிப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல், உடுவிலிலிருந்து உங்கள் அம்மாவின் தகப்பனார் வந்து இறங்கினார். இரண்டு பஸ் மாறி, குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். அக்கா உள்ளே ஓடிப்போய், "வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்திருக்கிறார். நீ ஒண்டும் கதையாதை, நான் கதைக்கிறன்" என்றா.

அவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே குடிலடிக்குப் போனார். இவரும் சாம்பலைத்தான் கிளறினார், குடைக் கம்பியால். ஹெலிக்காரன் சும்மா சுட்டுவிட்டுப் போனான், இயக்கக்காரன் ஒரு கேள்வி கேட்டான். பெண் வீட்டுக்காரரின் விசாரணைதான் விசாரணை. அரைவாசி எரிந்த இலை ஒன்றை எடுத்து மணந்து, கிள்ளி வாயில் போட்டு, சப்பி, வேலிக்கு அங்காலே துப்பினார்.

"புகையிலைதான். கொஞ்சம் கூடக் கருகிப்போச்சு."

"ஓம் ஐயா."

"தம்பி, நீர் முகாம் வைச்சிருந்தீர் எண்டு நான் நம்பேல்லை. அதுக்கு நான் வரவுமில்லை." குடையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தார். "முகாம் இல்லாதவனுக்குக் குடிலை எரிச்சால் அவன் என்ன செய்வான்? அதைத்தான் கேக்க வந்தனான். உம்மை ஆரும் கூப்பிட்டவையோ?"

அடுப்படி யன்னலில் அக்கா 'இல்லை' என்று கையை ஆட்டினா. நான் பொய் சொல்லிப் பழகாதவன் என்றில்லை. அன்றைக்கு உண்மைதான் வாயில் வந்தது.

"கூப்பிட்டவை ஐயா. யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

உள்ளே ஏதோ சட்டி விழுந்த சத்தம்.

"யோசிச்சீரோ?"

"இன்னும் முடியேல்லை ஐயா. எனக்கு ஆரையும் சுட ஏலாது எண்டுதான் நினைக்கிறன். ஆனால் அந்த ஹெலிக்காரன் நித்திரையிலயும் வாறான்."

அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். "துலைஞ்சுது. இனி ஆர் உனக்குப் பொம்பிளை தருவினம்?" என்று அக்கா அன்றிரவு முழுக்க என்னைத் திட்டினா. எனக்கும் எல்லாம் முடிந்தது என்றுதான் பட்டது. சம்பந்தம் போயிருந்தால் என் பதில் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் சத்தியமாகத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து ஆள் வந்தது. ஆவணி வேண்டாமாம். வைகாசி பிறந்ததும் முதல் நல்ல நாளில் வைக்கட்டாம். அவர் சொல்லிவிட்ட வார்த்தை இதுதான்: "பெடியன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ளை கட்டி வைக்க வேணும்."

அப்படித்தான் நான் அவசரமாகக் குடும்பஸ்தன் ஆனேன். மாமா மாதிரி ஒரு மனிசன் இரண்டு பஸ் மாறி வந்து, என்னோடு படித்தவனையும் அவசரப்படுத்தியிருக்கலாம். ஒருவரும் வரவில்லை. அடுத்த வருசம் அவன் இல்லை. அவனை எந்தச் செய்தியில் எந்தப் பேரால் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு றேடியோவை நான்தான் நிறுத்தினேன்.

கலியாணத்தன்று ஹெலிக்குப் பயந்து மேளம் கூட மெதுவாகத்தான் அடித்தார்கள். தாலி கட்டி முடிந்து, பக்கத்தில் இருந்த உங்கள் அம்மா குனிந்த தலை நிமிராமல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"உண்மையாக் கோழி மட்டும்தானோ செத்தது?"

"பதினொரு முட்டையும்" என்றேன்.

அவ இன்னும் முழுக்க நம்பவில்லை.