பாதியில் அணைத்த உலையின் கரி

என் மனைவிக்கு ஏழு மாதமாக இருந்தபோது நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பை கரியைப் பற்றி அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

அது யுத்த காலம். ஒருகொடவத்தையில், கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் வளவுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் பரிசோதனை உதவியாளராக வேலை செய்தேன். அங்கே இரண்டு ஆள் உயரத்தில் ஓர் இரும்பு உலை இருந்தது. மேலே விறகுத் துண்டுகளைப் போட்டு, காற்றை அளந்துவிட்டு, மரத்தை முழுதாக எரியவிடாமல் எரிவாயுவாக மாற்றும் உலை. வாயு உலர்த்தும் அறைக்குப் போகும். கரி அடியில் விழும். முதலாளிக்கு வாயுதான் முக்கியம். விழுகிற கரி தோட்ட மண்ணுக்கும் தண்ணீர் வடிகட்டவும் உதவுமா என்று பார்ப்பது என் வேலை. இப்போது அதற்கு பயோசார் என்று பெயர். நாங்கள் கரி என்றே சொன்னோம்.

ஒரே இறப்பர் மரம், ஒரே உலை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு கரி விழும். விறகின் ஈரம், காற்று, சூடு மூன்றையும் கொப்பியில் எழுதுவேன். எண்ணூறு பாகைக்கு மேல் சூடேறிய நாளின் கரி பாரமே இல்லாமல் இருக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் கண்ணாடி மாதிரிச் சத்தம் வரும். கையில் பட்ட கறுப்பு வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். சூடு குறைந்த நாளின் கரி மங்கலாக, கொஞ்சம் பழுப்பான கபில நிறமாக இருக்கும். கை பிசுபிசுக்கும். சவர்க்காரம் போட்டாலும் புகை மணம் போகாது. அது மரத்தின் தார். வெளியே போகவேண்டிய தார், போதிய சூடில்லாமல் கரிக்குள்ளேயே தங்கிவிடும்.

நாங்கள் வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கையொன்றில், வீட்டுக்கார அம்மாவின் வீட்டோடு ஒட்டிய ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் வளவுக் கிணறுதான். அதில் ஒரு நாற்றம் இருந்தது. துளையிட்ட வாளியில் மணலும் நல்ல கரியும் போட்டு நான் ஒரு வடிகட்டி செய்திருந்தேன். வடிந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்போம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கரி மாற்றவேண்டும். ஸ்டோரில் பீப்பாயில் இருந்த நல்ல கரியிலிருந்து எடுத்துக்கொள்ள முதலாளியே அனுமதி தந்திருந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் தமிழன் நான் ஒருவன்தான். உலையை இயக்கியவர் என் வயதுச் சிங்களவர், என் நண்பர். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டோர் சாவி வேறொருவரிடம் இருந்தது. அவரும் சிரித்துக் கதைக்கிற மனிதர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் நகருக்குள் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. ரேடியோவில் செய்தி வந்ததும் முதலாளி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். உலை நடு ஓட்டத்தில் இருந்தது. அதை ஆறுதலாகத்தான் அணைக்கவேண்டும். காற்று ஓடிக்கொண்டிருக்க, உள்ளே இருக்கும் விறகு எரிந்து தீர்ந்து, புகை முழுவதும் வெளியேறிய பிறகே மூடலாம். நண்பர் அன்று காற்று விசிறியை ஒரேயடியாக நிறுத்தி, எல்லா வால்வுகளையும் மூடிவிட்டு ஓடினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொழிற்சாலை வாசல் கேட்டடியில் நின்ற மூன்று நான்கு பேர் நான் போனதும் கதையை நிறுத்தினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையையும், தமிழர் எப்போதும் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டியபோது ஆமிக்காரன் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை; வீட்டு வடிகட்டிக்குக் கரி மாற்றவேண்டிய நாளும்கூட. நண்பர் வரவில்லை. ஸ்டோர்க்காரர் மேசையில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். முதல் பக்கம் முழுவதும் படங்கள். சாவி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் காலை வணக்கம் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

சாவியைத் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். தினமும் கேட்கிற சாவி. அன்று என் வாயில் சிங்களம் வரவில்லை. நான் உலைப் பக்கம் போய், அடிக்கதவைத் திறந்து, முந்தின நாள் விழுந்து கிடந்த கரியை வாரிப் பையில் போட்டுக்கொண்டேன். மேலோட்டமாகப் பார்க்கக் கறுப்பாகத்தான் இருந்தது. தட்டிப் பார்க்கவில்லை. கொப்பியில் எழுதவில்லை. அந்த இடத்தை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி தேநீரை வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"தண்ணி புகை மணக்குது."

"புதுக் கரியெல்லோ. ரெண்டு வாளி வடிஞ்சாச் சரியாகிடும்," என்றேன்.

எனக்கும் மணந்தது. அந்தக் கரியை ஏன் அப்போதே கொட்டவில்லை என்று கேட்டால், கொட்டினால் திரும்பப் போய்ச் சாவி கேட்கவேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து அவள் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். நான் வேலைக்குப் போகவில்லை. ஒன்பது மணிபோல வயிற்றில் கையை வைத்தபடி கட்டிலில் இருந்தாள்.

"இஞ்ச பாருங்கோ, பிள்ளை அசையுறதைக் காணேல்லை."

"எப்ப இருந்து?"

"ராத்திரிக்குப் பிறகு எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் ஏன் இப்பிடி வேர்க்கிறீங்கள்?"

வாளிக்குள் கையை விட்டு ஒரு துண்டு கரியை எடுத்தேன். விரல்களில் கபிலமாக ஒட்டிக்கொண்டது. முகர்ந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூடிய உலைக்குள் புகை வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கிறது. ஆறிக்கொண்டிருந்த கரி அந்தப் புகையின் தாரையெல்லாம் உறிஞ்சிவிட்டது. நல்லாய் எரிந்த துண்டுகள்கூடக் கெட்டிருக்கும். உறிஞ்சும் என்று நம்பித்தானே வடிகட்டிக்குள் போட்டேன்.

ஓட்டோ பிடிக்க ஓடியபோது சந்தியில், காசு கொடுத்துத் தொலைபேசி எடுக்கிற கொமியூனிகேஷன் கடை கண்ணில் பட்டது. உலை எத்தனை பாகையில் நின்றது என்று தெரிந்தால் டொக்டரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். கடைக்காரப் பெண்ணும், அழைப்புக்குக் காத்திருந்த இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். தொழிற்சாலைக்கு எடுத்தேன். நண்பர் பேசினார்.

"வெள்ளிக்கிழமை நீ மூடும்போது சூடு எவ்வளவு இருந்தது? உள்ளே காஸ் நின்றதா? அது தண்ணீரில் சேர்ந்தால் ஆளுக்கு என்ன செய்யும்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

கேட்டு முடித்த பிறகுதான் என் சொற்கள் என் காதில் விழுந்தன. வெள்ளிக்கிழமை, காஸ், தண்ணீர். குண்டுக்காரன் கதைப்பது மாதிரி இருந்தது. காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

"இதெல்லாம் போனில் கேட்காதே," என்றார் நண்பர். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஓட்டோவின் பின்பக்கச் சின்னக் கண்ணாடியால், யாராவது தொடர்ந்து வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "ஏன் பின்னால பாக்கிறீங்கள்?" என்று ஒரு தரம் கேட்டாள்.

டொக்டர் இளம் பெண். என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். கரியால் வடித்த தண்ணீர் என்றேன். என்ன கரி என்றார். விறகுக் கரி என்று மட்டும் சொன்னேன். தார், உலை, வாயு என்ற சொற்களை அந்த அறையில், வாசலில் பொலிஸ்காரன் நிற்க, என்னால் சொல்ல முடியவில்லை. அவர் இதயத் துடிப்புக் கேட்கும் குழாயை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். வேறொரு இடத்தில் வைத்தார். மனைவி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"இருதயம் நன்றாக அடிக்கிறது," என்றார் டொக்டர். "சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். தண்ணீராகவும் இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள்." சேலைன் ஏற்றினார்கள். பின்னேரம்போலப் பிள்ளை ஒருமுறை உதைத்தது. மனைவி என் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்," என்றேன். "நேற்று மணந்தது."

அவள் என் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

அனெக்ஸுக்குத் திரும்பியபோது வீட்டுக்கார அம்மா கேட்டடியிலேயே நின்றார்.

"தம்பி, மத்தியானம் ஒருத்தன் மோட்டச்சைக்கிளில வந்தவன். சிங்களவன். உம்மடை பேரைச் சொல்லி, எந்த அறை எண்டு கேட்டவன். இல்லை எண்டு சொல்லி அனுப்பிட்டன். இனி நான் என்ன செய்ய?"

நாங்கள் போய்விட்டால் நல்லது என்கிறார் என்று விளங்கியது. வடிகட்டி வாளியை அப்படியே கிணற்றடி வாழைக்குக் கொட்டினேன். இரண்டு பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் இருந்த மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போனோம். இரண்டு நாள் ஜன்னல் திறக்கவில்லை. தெருவில் மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால் மூவரும் கதைப்பதை நிறுத்துவோம். என்னைப் பிடித்தால் எதைச் சொல்வேன் என்று மனதுக்குள் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரி, வடிகட்டி, கிணறு. எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும் பொய் மாதிரியே கேட்டது.

வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். போகாமல் விட்டால் இன்னும் சந்தேகம் வரும் என்று அக்கா சொன்னார்.

நண்பர் என்னைக் கண்டதும் உலைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"உன் மனைவிக்கு எப்படி?"

சொன்னேன். அவர் சுவரோடு சாய்ந்து நின்றார்.

"போன் முதலாளியின் மேசையில். அவருக்குப் பக்கத்தில் வெளி ஆட்கள் இருந்தார்கள். நீ வேறு அப்படிக் கேட்கிறாய். அதுதான் வைத்தேன். மத்தியானம் பீப்பாய்க் கரி ஒரு பை கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அந்த அம்மா நடுங்கினாள். ஒரு சிங்களவன் உங்கள் வாசலில் பையை வைத்துவிட்டுப் போனால் என்ன நினைப்பார்கள்? திருப்பிக் கொண்டுபோய்விட்டேன்."

"வெள்ளிக்கிழமை ஏன் அப்படி மூடினாய்?"

"தங்கச்சி அந்தப் பாதையில்தான் வேலைக்குப் போகிறவள். பின்னேரம்வரை தேடினேன். நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். சூடு நானூறு பாகைகூட இருந்திருக்காது, மச்சான். மீட்டரை நான் பார்க்கவில்லை."

இருவரும் சேர்ந்து உலையின் அடியில் மிஞ்சியிருந்த கரியை வழித்தெடுத்து வெளியில் போட்டோம். ஸ்டோர்க்காரர் தூரத்தில் நின்று பார்த்தார். என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனைவி வெள்ளவத்தைக்குத் திரும்பி வர மறுத்துவிட்டாள். நாங்கள் கொட்டாஞ்சேனையிலேயே தங்கினோம். மகள் நாள் தவறாமல் பிறந்தாள்; நிறையும் சரியாக இருந்தது. அந்தத் தண்ணீர்தான் காரணமா, வேறு ஏதாவதா, யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மகளுக்கு இரண்டு வயதாகும்வரை, ஒரு தும்மலுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். மார்பைச் சோதியுங்கள், ஈரலைப் பாருங்கள் என்பேன். ஒருநாள் அங்கிருந்த டொக்டர் பேனையை வைத்துவிட்டு, "உங்களுக்கு என்னதான் பயம்?" என்று கேட்டார். பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "ஒன்றுமில்லை, டொக்டர்," என்றேன்.