முன்னால் விழுந்த முடிச்சு

ரியோகொகு பாலத்தடித் தேநீர்க்கடை ஓகினு நல்ல வாயாடி. கையைப் பிடித்த ஒருவனின் மடியில் கொதிக்கிற தேநீரைக் கவிழ்த்துவிட்டு, "ஐயோ, கை நழுவிடுச்சுங்க" என்றவள். பதினான்கு வயதிலிருந்து தட்டு தூக்குகிறாள், அவளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. இலையுதிர் காலத்தில் அச்சுப் பட்டறையில் சாயம் ஏற்றும் யசோகிச்சியோடு கல்யாணம் என்று பேச்சாகியிருந்தது.

அவன் கேட்டதால்தான், பட்டறை விற்கும் அழகிகள் படத்துக்காக ஓவியர் ஒருவர் முன்னால் போய் நின்றாள்.

"நம்ம பட்டறையிலதான் அச்சாகும், ஓகினு. உன் படத்துக்கு நானே சாயம் ஏத்துவேன்" என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

படம் வந்த அன்று, பக்கத்தில் உருண்டைப் பலகாரம் விற்கும் ஒமசா ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடியே, இதென்னடி கூத்து?"

முகம் ஓகினுவுடையது. திராட்சைக்கொடி போட்ட கிமோனோவும் அவளுடையதேதான். ஆனால் இடைக்கச்சின் முடிச்சு முதுகில் இல்லை, வயிற்றுக்கு முன்னால் சிவப்பாகப் புடைத்துக்கொண்டு நின்றது. யோஷிவாராவில் உடம்பை விற்கும் பெண்கள்தான் அப்படிக் கட்டுவார்கள். அன்று சாயங்காலமே ஒரு கிழவன் அவள் காதருகே வந்து, "ராத்திரிக்கு எந்த வீட்டுலம்மா இருப்ப?" என்று இளித்தான்.

"இது பட்டறை முதலாளி பண்ணின வேலை, அக்கா. யசோகிச்சிக்குத் தெரிஞ்சிருக்காது" என்று அழுதாள் ஓகினு.

"தெரியாமலா அந்த முடிச்சுக்குச் சிவப்பு ஏத்தினான்? ஒவ்வொரு தாளும் அவன் கை பட்டுதானடி வருது!"

அப்போதும் அவள் மனம் கேட்கவில்லை. சண்டை போட்டிருப்பான், அடக்கியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பைத்தியக்காரி!

சில நாள் கழித்து யசோகிச்சி வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அம்மா படத்தைப் பாத்துட்டாங்க. இந்தச் சம்பந்தம் வேணாங்கறாங்க."

"நான் ஒருநாளும் அப்படிக் கட்டினதில்லன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

அவன் வாசல் கம்பத்தை நகத்தால் சுரண்டினான்.

"முதலாளி முடிச்சை மாத்தச் சொன்னப்போ நீ என்ன பண்ணினே?"

"முடிச்சு முன்னால இருந்தா படம் நல்லா விக்கும்னு என்கிட்ட கேட்டாரு. நீ கட்டிக்கப்போற பொண்ணாச்சே, வேணாம்னா விட்டுடறேன்னு சொன்னாரு."

ஓகினு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நீ?"

"சரின்னுட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா அதுக்கு முன்னாடியே எனக்கு வேற இடம் பாத்துட்டாங்க. நல்ல இடம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, ஓகினு. படம் வந்தா கல்யாணம் தானா நின்னுடும்னு..."

அவனுக்காக முதலாளியைத் திட்டினாளே, அந்த நினைப்பே அவளுக்கு எரிந்தது. அழுகை வரவில்லை.

"அப்ப ஊரே என்னை என்னன்னு கூப்பிட்டாலும் பரவாயில்ல. 'நீ வேணாம்'னு உன் வாயால சொல்லாம தப்பிச்சா போதும். அப்படித்தானே?"

எப்படியோ புரிந்துகொண்டாளே என்ற நிம்மதியில் தலையாட்டினான், படுபாவி.