முறைத் தண்ணீர் குடித்த உள்ளி

எங்கள் வீட்டில் ரத்தம் சிந்தியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் சின்ன உள்ளிக்காக, அதாவது சின்ன வெங்காயத்துக்காக. சொத்துக்காகச் சிந்தியிருந்தால் வெளியே சொல்லக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

என் மனைவிக்கு ராயகிரியில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. மூத்தவர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். இளையவன் ஊரிலேயே பயிர் செய்தவன். இரண்டு வயலுக்கும் ஒரே கிணறு, ஆளுக்கொரு நாள் முறை. தன் முறையை விட்டுக்கொடுப்பதைவிடக் கிணற்றில் குதித்துவிடலாம் என்பது அந்தக் குடும்பத்தின் கொள்கை.

வைகாசியில் இளையவனின் உள்ளி முற்றித் தாள் சாய்ந்துவிட்டது. அதற்குமேல் தண்ணீர் காட்டக் கூடாது. கழுத்து காய்ந்து மூடினால்தான் இருப்புத் தாங்கும். அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் நிறுத்தினால் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிடுவாரே. பிடுங்கும் நாள்வரை தன் முறையில் கிணறு வற்ற வற்றப் பாய்ச்சினான், போதாக்குறைக்கு யூரியாவும் போட்டான். உள்ளி கொழுகொழுவென்று புதுமாப்பிள்ளை மாதிரி வந்தது. கடைசியில் தண்ணீர் கிடைக்காத அண்ணனுக்கோ கோலிக்குண்டு அளவில்தான் விளைந்தது.

புரட்டாசி நடவுக்கு அதுதான் அவனுக்கு விதை. ராயகிரியில் வைத்தால் அண்ணன் அழித்துவிடுவார் என்று பயந்து, மேலகரத்தில் என் கொல்லையில் கம்பு நட்டு, உள்ளியைக் குவித்து, ஓலை வேய்ந்து பட்டறை போட்டான். குற்றாலத்துச் சாரல் படுக்கைவாட்டில் அடிக்கும் இடம். ஈரம் ஆகாது என்று செல்போனில் படித்ததை எடுத்துச் சொன்னேன்.

“அத்தான், நீங்க படிச்சிட்டுப் பேசுதிய. உள்ளிக்குப் படிக்கத் தெரியாதுல்லா” என்றான்.

பட்டறையிலிருந்து கறுப்புச் சாறு வடிய ஆரம்பித்தது. நாற்றத்தில் பக்கத்து வீட்டார் எங்கள் பக்கம் ஜன்னலைத் திறப்பதில்லை. ஆவணியில் அருவியில் குளிக்க வந்த மூத்தவர் தங்கையைப் பார்க்க நுழைந்தார். தம்பி அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தான். பட்டறைக்குள் கைவிட்டுக் கொழகொழவென்று ஒரு பிடி எடுத்துச் சிரித்தார்.

“ஏலே, இத நடப்போறியா, பொதைக்கப் போறியா?”

அடுத்த நொடி அவர் முகத்தில் அழுகல் அப்பியது. அவர் பட்டறைக் கம்பைப் பிடுங்கி விளாசினார். தம்பியின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் பாய்ந்து அண்ணன் காதைக் கடித்தான். சமாதானம் பேசப் போன என் மூக்கில் ஒரு முழங்கை. பட்டறை சரிந்து மூவரையும் மூடியது. ரத்தமும் உள்ளிச்சாறும் கண்ணில் எரிய, எது எவருடையது என்று தெரியவில்லை.

என் மனைவி வாளித் தண்ணீரை எங்கள்மேல் வீசினாள். “சாவணும்னா ராயகிரியில போயிச் சாவுங்க. இது நான் கோலம் போடுத எடம்.”

தென்காசி ஆஸ்பத்திரியில் மூவரும் அருவியில் வழுக்கியதாகச் சொன்னோம். காதில் பல் தடம் பார்த்த டாக்டர் நாய்க்கடி ஊசியும் சேர்த்து எழுதினார்.

விதை போயிற்று. உழுது போட்ட நிலம் வெறுமனே கிடந்தது. மூத்தவரின் கோலிக்குண்டுகளோ கல்லுப்போலக் காய்ந்து, ஒன்றுகூடக் கெடாமல் அவர் வீட்டு உத்தரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தம்பிக்கு விதை கேட்டுப் போன் செய்த தங்கையை வைதுவிட்டு வைத்துவிட்டார்.

புரட்டாசியில் ஒரு காலை, தன் உள்ளி மூட்டைகளோடு தம்பி வயலில் அவரே இறங்கி ஊன்ற ஆரம்பித்தார். சேதி கேட்டு நான் போனபோது, மாவுக்கட்டோடு வரப்பில் உட்கார்ந்திருந்த தம்பி, ரொம்ப நெருக்கமாக ஊன்றுவதாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். மூத்தவர் நிமிராமலே மண்கட்டியை எடுத்து எறிந்தார்.

“மத்த கையும் ஒடியணுமாலே?”

பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்க ஊன்றி முடித்தார். தம்பியைச் சுற்றி மண்கட்டிகள் குவிந்து கிடந்தன.