கொடியில் காய்ந்த பிடிதுணி

எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும். கல்வராயன் மலையில் ஒரு மாணவியர் விடுதிக்குக் காப்பாளராகப் போன முதல் வருடம், அந்தக் கோபத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நன்றாகவே தீனி போட்டாள். மாதம் தவறாமல் ஐந்தாறு நாள் காணாமல் போய்விடுவாள். கேட்டால் காய்ச்சல் என்பாள். நாள் பார்த்து வருகிற காய்ச்சல் எது என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"தூரமானா வூட்டுக்குப் போயிடுவேன் டீச்சர். இங்க துணி காயப்போட எடம் ஏது? பெட்டிக்கு அடியில வெச்சா காயவே மாட்டேங்குது. ஈரத்தோட கட்டிக்கினு புண்ணாப் போச்சு. பாதி நாளு வூட்லயே கெடந்தா படிப்பு எதுக்கு, நின்னுடுன்றாரு எங்கப்பா."

அழாமல் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

விடுதிக்கு நாப்கின் வரத்தான் செய்தது. ஆனால் புதைத்த ஒன்றை நாய் கிளறி முற்றத்துக்கு இழுத்துவந்த நாளிலிருந்து அதைத் தொட எவளும் தயாராக இல்லை. பழைய துணிக்கே திரும்பிவிட்டார்கள். மலையின் மூட்டத்தில், மறைவில் போட்ட துணி எங்கே காயும்?

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டார் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பருத்தித் துண்டுகளை மூட்டையாகக் கட்டிவந்தேன். எல்லோரும் உட்கார்ந்து, நாலு மடிப்பு வைத்து, இரண்டு பக்கமும் இறக்கை விட்டு, பட்டன் வைத்துத் துணி நாப்கின்கள் தைத்தோம். பின்கட்டில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கொடியும் கட்டினேன். வெயில்தான் மருந்து, இதில் என்ன வெட்கம் என்று ஒரு சொற்பொழிவு வேறு. முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள்:

"டீச்சர், உங்களுது எங்க காயுது?"

என் அறைக் கதவுக்குப் பின்னால், துண்டுக்கு அடியில். ஊருக்குத்தான் உபதேசம். அசடு வழியச் சிரித்துவிட்டு எழுந்துபோனேன். கொடி ஒரு வாரம் காலியாகவே ஆடிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்குச் சமையல்கார அக்கா. வடக்கனந்தல்காரர். மகராசி, அவர் வைக்கும் சாம்பாருக்கு ஈடில்லை. ஆனால் தூரமான பெண் சமையல்கட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. தட்டோடு வெளியேதான் நிற்கவேண்டும். அவரிடம் நான் சண்டை போட்டுத் தோற்ற விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஒரு கூட்டத்துக்காக இரண்டு நாள் கள்ளக்குறிச்சி போய், சனிக்கிழமை மதியம் திரும்பினேன். சமையல்கட்டு வாசலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அக்கா கொதிக்கும் சோற்றுக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் எங்கள் தையல்! மாதிரிக்கென்று மேசைமேல் நான் வைத்துப்போன புதுத்துணிகள்.

"வாங்க டீச்சரம்மா! இந்தப் பிடிதுணி யாரு தெச்சது? நல்லா தடிப்பா கீது. கையில சுத்திப் பட்டனப் போட்டுக்கினா நழுவவே மாட்டேங்குது!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே அது என்னவென்று சொல்லிவிட்டேன். அக்கா துணியைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயே! நேத்து வெள்ளிக்கெழம சாமிக்குப் பொங்கலே இத்தப் புடிச்சித்தான எறக்கனேன்!"

வாசற்படிக்கு வெளியிலிருந்து அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள்.

"புதுத்துணிதானக்கா. சாமிக்கு ஒண்ணும் ஆவலியே?"

அக்கா யோசித்தார். "ஆவல. பொங்கலு கூட நல்லாதான் இருந்துச்சி" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கண்ணில் நீர் வந்தும் நிற்கவில்லை. கரி பட்ட இரண்டையும் சோப்புப் போட்டுக் கசக்கி, நேரே பின்கட்டுக்குப் போய்க் கொடியின் நடுவில் விரித்துப் போட்டார்.

"என் பிடிதுணி, நான் காயப்போடறேன். எவ இன்னா கேக்கறது?"

அடுத்த வாரம் என்னுடையதை அதன் பக்கத்தில் போட்டேன். மேலே துண்டு எதுவும் போட்டு மறைக்கவில்லை. அதற்குப் பிறகு கொடியில் இடம் போதவில்லை. இன்னொன்று கட்டச் சொல்லிப் பெண்கள் என்னையே விரட்டினார்கள்.

அந்தப் பெண் அந்த மாதம் வீட்டுக்குப் போகவில்லை. தூரமான முதல் இரண்டு நாளும் வகுப்பில் இருந்தாள். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானமும், பழக்கப்படி, தட்டோடு சமையல்கட்டுக்கு வெளியே சுவரோரமாகத்தான் நின்றாள். அக்கா உள்ளேயிருந்து அவளைப் பார்த்தார். இன்னொரு சண்டைக்கு நான் தயாரானேன்.

"அங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற? குண்டான் கனக்குது, வந்து ஒரு பக்கம் புடி" என்று அக்கா பிடிதுணி ஒன்றை நீட்டினார்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள்.