வெளுத்திருந்த மாதங்கள்

நான் அழகாக இருந்தது மொத்தம் எட்டு மாதங்கள். அதற்கு முன்னும் பின்னும் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த எட்டு மாதங்களை இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. நீர்வேலியில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ்ஸின் யன்னல், அதற்கு வெளியே அசைந்து அசைந்து போகும் வாழைத்தோட்டங்கள், காதுக்குள் எங்கிருந்தோ கடல் இரைவது மாதிரி ஒரு சத்தம், இவ்வளவுதான். தண்ணீருக்கு அடியில் இருந்து வெயிலைப் பார்ப்பது போல எல்லாம் பச்சையாகவும் மங்கலாகவும் கிடக்கின்றன. அதைச் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு நகரத்தில் ஒரு பாமசியில் வேலை. வைத்தியர் எழுதிய துண்டோடு வருபவர்களுக்குக் குளிசை எண்ணிக் கொடுப்பது பாதி வேலை. துண்டே இல்லாமல் வருபவர்களுக்குப் பதில் சொல்வது மீதி வேலை. மெலிய ஒன்று கேட்பார்கள், கொழுக்க ஒன்று கேட்பார்கள், முடி கொட்டாமல் இருக்க, முகம் வெளுக்க என்று கேட்பார்கள். ஜிம்முக்குப் போகிற பெடியன்கள் புரதமாவு டப்பாவைத் தூக்கிப் பார்த்து, விலையைப் பார்த்து, மெதுவாகத் திரும்ப வைப்பார்கள். கலியாணம் நிச்சயமான பெண்கள் தாயோடு வந்து, குரலைத் தாழ்த்தி, நிறம் வருகிற குளிசை இருக்கிறதா என்பார்கள். வெளிநாட்டுப் பார்சலில் வந்த போத்தலோடு ஒரு பெரியவர் வந்து, "உதைச் சாப்பாட்டுக்கு முன்னம் போடுறதோ, பின்னம் போடுறதோ பிள்ளை?" என்று கேட்டார். போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். நாய்க்குக் கொடுக்கிற விற்றமின். ஒரு கிழமையாகப் போடுகிறாராம், முழங்கால் நோ குறைந்திருக்கிறதாம்.

எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது, தேசிக்காய் பிழிந்த புளித்தண்ணியோடு போடுங்கள் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் சொல்வேன். சொல்லும்போது குரலில் ஒரு ரீச்சரின் அதட்டல் வந்துவிடும்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா இறந்து பல வருடம். முப்பது தாண்டியும் எனக்குக் கலியாணம் ஒப்பேறவில்லை. பார்க்க வருகிறவர்கள், "பிள்ளை நல்ல பிள்ளை, நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். அந்த இழுவையை அம்மாவால் தாங்க முடியாது. அவர்கள் போன பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும் சத்தத்திலேயே அவருடைய கோபம் கேட்கும். அவர்கள்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. என் நிறத்தைப் பற்றி அம்மா வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. வெயிலுக்குள் போகாதே என்பார், அவ்வளவுதான்.

அதனால் விரதம் தொடங்கியது. முதலில் வெள்ளி, பிறகு செவ்வாய், பிறகு திங்கள். விரத நாளில் ஒரு நேரம்தான் சோறு, மற்ற நேரம் பாலும் வாழைப்பழமும். அதுவும் போதாது என்று, தாலி ஏறும்வரை மகள் மீனோ முட்டையோ இறைச்சியோ எந்த மச்சமும் தொடமாட்டாள் என்று அம்மா கோயிலில் நேர்ந்துவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் சம்மதித்தேன். எனக்கும் ஆசை இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

சைவச் சாப்பாட்டில் குற்றமில்லை. பிறந்ததில் இருந்து சைவமாக இருப்பவர்கள் பயறும் உழுந்தும் கீரையுமாக ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் சாப்பிட்டதற்குப் பெயர் சைவம் இல்லை, பட்டினி. மத்தியானம் இரண்டு பிடி சோறு, இரவில் பால், பசித்த நேரமெல்லாம் பாமசிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி. மாதாமாதம் உடம்பும் தன் பங்குக்கு ஆறேழு நாள் ரத்தத்தைக் கொட்டித் தீர்த்தது.

நாலைந்து மாதத்தில் வெளுக்கத் தொடங்கினேன். முதலில் உதடு, பிறகு கன்னம், பிறகு கை. இடுப்பு சிறுத்தது, கழுத்து நீண்டது போல இருந்தது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாமசிக்கு வரும் பெண்கள், "என்ன தங்கச்சி, நல்ல நிறம் வந்திட்டுது, என்ன போடுறனீங்கள்?" என்று கேட்டார்கள். ஒன்றும் போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எனக்குப் பின்னால் தட்டில் இருந்த அழகுக் குளிசைப் போத்தல்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த நாட்களில் வாசனைகள் என்னை இழுத்துக்கொண்டு திரிந்தன. பின்னேரம் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துவிட்டால் நனைந்த செம்மண்ணின் மணம் றோட்டுவரை வரும். எனக்கு வாயில் நீர் ஊறும். மண்ணைத் தின்னவில்லை, அந்தளவுக்குப் போகவில்லை. திருநீற்றைத்தான் தின்றேன். கோயிலில் தருகிற திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டு மீதியை நாக்கில் போட்டேன். பிறகு நெற்றிக்குக் கொஞ்சம், நாக்குக்கு நிறைய என்று ஆயிற்று. வீட்டுச் சாமியறைக் கிண்ணம் நாளுக்கு நாள் குறைந்தது. பிள்ளைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மா மனம் உருகி, கிண்ணத்தை நிரப்பி நிரப்பி வைத்தார். உள்நாக்கில் அது மெல்லக் கரையும்போது கண் தானாக மூடும். அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் எந்தச் சாப்பாட்டிலும் கண்டதில்லை.

அப்படி வெளுத்திருந்த நாளில்தான் அம்மா என்னை நகரத்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். படம் எடுத்தவர், முகத்தில் ஒன்றும் திருத்தத் தேவையில்லை என்று சொன்னார். அந்தப் படம் கனடாவுக்குப் போன மூன்றாம் நாள் சம்மதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் தாயும் மகனும் மட்டும்தான். ஆவணியில் வந்து தாலி கட்டுவதாகப் பேச்சு.

அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கினார். நல்ல மனிதர். பனி கொட்டுகிற தெருவைப் படம் பிடித்து அனுப்புவார். அங்கே குளிரில் மூக்கு நுனி மரத்துப்போகிற கதையை எழுதுவார். நான் தோட்டத்து வாழைக்குலையைப் படம் பிடித்து அனுப்புவேன். அவர் எழுதியதை வேலை முடிந்து வரும் பஸ்ஸில் திரும்பத் திரும்பப் படிப்பேன். எழுத்துகள் மெல்ல மிதந்து ஒன்றன்மேல் ஒன்று போகும். காதல் என்றால் தலை சுற்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் இரத்ததான முகாம் நடந்தது. பாமசிக்காரி போகாமல் விடலாமா என்று நானும் போனேன். ஒரு தாதி விரலில் குத்தி, ஒரு துளி ரத்தத்தை நீலத்தண்ணீர் இருந்த சிறு கிளாசுக்குள் விட்டாள். எனக்கு முன்னால் நின்றவரின் துளி நேரே அடிக்குப் போனதைப் பார்த்திருந்தேன். என்னுடையது கொஞ்சம் இறங்கியது, நடுவில் நின்றது, பிறகு மெல்ல மேலே வந்தது. நீலத்துக்குள் அந்தச் சிவப்பு அவ்வளவு வடிவாக இருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு ஏதும் நோய், வருத்தம் இருக்கோ அக்கா?" என்று தாதி கேட்டாள்.

"வருத்தம் ஒண்டுமில்லை. சில நேரம் மிதக்கிற மாதிரி இருக்கும்."

அவள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "நீங்கள் ரத்தம் குடுக்க வந்த ஆளில்லை அக்கா, ஏத்த வேண்டிய ஆள். நாளைக்கே டொக்டரிட்டைப் போங்கோ."

டொக்டரிடம் அம்மாவும் கூட வந்தார். பரிசோதனைத் துண்டைப் பார்த்த டொக்டர் முதலில் கேட்ட கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "மண், பச்சை அரிசி, திருநீறு ஏதும் தின்னுறனீங்களோ?"

அம்மா பெருமையோடு முந்திக்கொண்டார். "திருநீறு நல்லாச் சாப்பிடுவா. சரியான பக்தி."

"அது பக்தி இல்லை அம்மா. ரத்தத்தில இரும்புச்சத்துக் குறைஞ்சால் சிலருக்கு உப்பிடித்தான் கேக்கும். குளிசை தாறன். பிள்ளைக்கு மீன், ஈரல், கீரை எல்லாம் குடுங்கோ."

கீரை மட்டும் வந்தது. நேர்த்தியை முறிக்க அம்மாவுக்குப் பயம். ஆவணி வரைக்கும்தானே, குளிசை போதும் என்றார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தேசிக்காய்த் தண்ணியோடு ஒழுங்காகப் போட்டேன். மூன்று கிழமையில் காதுக்குள் இருந்த இரைச்சல் அடங்கியது. பஸ் யன்னலுக்கு வெளியே வாழைகள் அதனதன் இடத்தில் நின்றன. உதட்டில் ரத்தம் தெரிந்தது. ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தால், பழைய நான் அதற்குள் இருந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். கன்னத்தில் என் பழைய நிறம்.

எனக்குப் பயம் பிடித்தது. அவருக்குப் படத்தில் இருந்தவளைத்தானே தெரியும்? வந்து இறங்கும்போது இவள் நின்றால்?

குளிசையை நிறுத்தினால் அம்மா கண்டுபிடித்துவிடுவார், அட்டையை எண்ணிப் பார்ப்பார். அம்மாவிடம் பொய் சொல்லவும் எனக்கு வராது. நான் யார்? பாமசிக்காரி. அடுத்த நாளில் இருந்து, கடுஞ்சாயத்தில் பிளேன்ரீ ஊற்றி அதோடு குளிசையை விழுங்கினேன். இரவிலும் அப்படித்தான். "குளிசை போட்டியோ?" என்று அம்மா கேட்டால், "ஓம்" என்பேன். பொய்யில்லை. பத்தொன்பது வயதில் படித்த படிப்பை என்னை ஏமாற்ற நானே பயன்படுத்தினேன். அப்படி ஒரு கெட்டித்தனம்.

நிறம் திரும்பப் போயிற்று. மிதப்பு திரும்பி வந்தது. அதை வரவேற்கவும் செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

ஒரு வியாழன் பின்னேரம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்ததும் வானம் பக்கவாட்டில் சரிந்தது. கண் திறந்தபோது அம்மாவின் மடியில் கிடந்தேன். அம்மா என்னைத் தனியாகவே கிணற்றடியில் இருந்து வீட்டுக்குள் தூக்கி வந்திருக்கிறார். அந்த மெலிந்த மனுசி தூக்குகிற பாரத்துக்கு நான் வந்துவிட்டேன் என்பது இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

"குளிசை ஒழுங்காப் போடுறாய்தானே? பிறகேன் பிள்ளை உப்பிடி?"

"தேத்தண்ணியோடை போட்டனான்."

பாமசியில் நான் சொல்லும் புத்திமதி எல்லாம் வீட்டிலும் சொல்வேன், அதனால் அம்மாவுக்கு உடனே விளங்கியது. "தெரிஞ்சுகொண்டோ? ஏன்?"

"கறுத்திடுவன் எண்டு."

அம்மா என் தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளியில் மீன்சட்டியைக் கையாலும் தொடமாட்டார்கள். காலையில் மீன்காரரின் மோட்டார்சைக்கிள் கோண் அடித்துக்கொண்டு ஒழுங்கையால் போனது. அம்மா படலையைத் திறந்துகொண்டு ஓடி அவரை மறித்தார்.

"இண்டைக்கு வெள்ளியெல்லே அக்கா?" என்று மீன்காரரே தயங்கினார்.

"தெரியும். சூடைமீன் இருக்கோ?"

முழுகிய ஈரத்தலையோடு அம்மா மீன் வெட்டினார். சரக்குத்தூள் போட்டு, புளிவிட்டு, குழம்பு கொதிக்கும் மணம் வீடு முழுக்க வந்தது. "நேர்த்தி?" என்று கேட்டேன். சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"நேந்தது நான். கேட்டால் நான் பதில் சொல்லுறன். நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். அழுது அழுது சாப்பிட்டேன். அம்மா முள் எடுத்துத் தந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம். குளிசை தேசிக்காய்த் தண்ணியோடு, அம்மாவின் கண் முன்னால். மீன், முருங்கையிலைச் சுண்டல், கிழமைக்கு ஒருமுறை ஈரல். திருநீறு வாயில் வெறும் சாம்பலாகிவிட்டது. உலகம் கெட்டியானது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, படித்த எழுத்து இடம் மாறவில்லை. மிதப்பு போனதில் ஒரு சின்ன ஏக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பச்சை வெளிச்சத்தை நான் பிறகு எங்கும் காணவில்லை. நிறமும் முழுதாக, ஒரு துளி மிச்சமில்லாமல் திரும்பி வந்துவிட்டது.

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று பிறகு சொல்லியனுப்பினார்கள், ஆனால் பொருந்துகிறது என்று பார்த்தபிறகுதான் பேச்சையே தொடங்கியிருந்தார்கள். பல நாள் அழுதேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. அவரோடு அந்தப் பனித்தெருவில் நடப்பதாக எத்தனையோ பின்னேரம் பஸ்ஸில் கற்பனை செய்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கடைசியாக எடுத்த வீடியோ அழைப்பை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை.

சேலை எடுப்பதைப் பற்றிக் கதைக்கத்தான் எடுத்தார்கள். அம்மா போனைப் பிடித்திருந்தார், நான் பக்கத்தில். அந்தப் பக்கம் தாய். மகன் அவருக்குப் பின்னால் பாதி முகம் தெரிய இருந்தார். தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பிள்ளை ஏன் கறுத்துப் போனா? படத்தில நல்ல வெள்ளையா இருந்தா."

நான் தலையைக் குனிந்தேன். வெயில், லைற் வெளிச்சம் என்று அம்மா ஏதாவது சாட்டுச் சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். எனக்குத் தெரிந்த அம்மா அதைத்தான் செய்வார்.

"கறுக்கேல்லை அக்கா," என்றார் அம்மா. "உதுதான் என்ரை பிள்ளையின்ரை நிறம். நீங்கள் படத்தில பாத்தது அவவின்ரை வருத்தம்."

சொல்லிவிட்டு என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, நன்றாகத் தெரியட்டும் என்று போனை இன்னும் கிட்டப் பிடித்தார்.