முண்டியம்பாக்கத்து டபுள்

ஓய்வு பெற்ற பிறகு விழுப்புரத்தில் சனிக்கிழமைதோறும், நாலு பேர் இரண்டு ஜோடியாக ஆடும் பிரிட்ஜ் சீட்டு ஆடினேன். எனக்கு ஜோடி, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். மனைவியிடம் சொல்லாமல் செய்த காரியங்கள் எனக்கு உண்டு. ஆனால் இந்த ஜோடியிடம் பேசி வைக்காமல், எதிரணி ஏலத்தை மறித்து ஒரு டபுள்கூடச் சொன்னதில்லை.

எதிரணியில் ஒருவர் 'ஒரு நோ-டிரம்ப்', அதாவது துருப்பில்லாத ஆட்டம், என்று ஏலத்தைத் திறந்து, அவருடைய ஜோடி 'இரண்டு டைமண்ட்' என்றால், கையில் டைமண்ட் இருக்கிறதென்று அர்த்தமில்லை. 'ஹார்ட்ஸ் நிறைய இருக்கிறது, அதை நீ சொல்' என்று பலமான கைக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு. அந்தப் பொய் டைமண்டுக்கு எங்களில் ஒருவர் டபுள் சொன்னால், 'நிஜ டைமண்ட் என்னிடம், அதையே இறக்கு' என்பது ஒப்பந்தம். முண்டியம்பாக்கத்தில் குடியிருந்த டாக்டர் ஒருவர் வேறு முறை வைத்திருந்தார். அவருக்கு டபுள் என்றால், 'ஹார்ட்ஸ் குறைவு, மற்றதில் ஒன்றை நீ தேர்ந்தெடு'. எனக்கும் ஒருமுறை விளக்கினார். நாகரிகமாக மறுத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் எதிரணி. அவர் நோ-டிரம்ப் என்றார், அவருடைய ஜோடி டைமண்ட் என்றார், என் ஜோடி டபுள் என்றார். டபுளின் பொருளை அதைச் சொன்னவரிடம் கேட்கக்கூடாது, அவருடைய ஜோடியிடம்தான் கேட்க வேண்டும். டாக்டர் விதிப்படி என்னைக் கேட்டார்.

"டபுள்னா என்னங்க சார்?"

"டைமண்ட்."

டாக்டர் என் ஜோடியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். என் ஜோடி சீட்டுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஏலம் நாலு ஹார்ட்ஸில் நின்றது. டபுளை நம்பி, ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு சின்ன டைமண்டை முதல் சீட்டாக இறக்கினேன். டாக்டர் ராணியாலேயே பிடித்தார். ஸ்பேடு இறக்கியிருந்தால் கவிழ்ந்திருப்பார். ஆட்டம் முடிந்து பார்த்தால், என் ஜோடியிடம் இருந்தது மூன்று சில்லறை டைமண்ட், ஒற்றை ஹார்ட்.

மற்றவர்கள் டீக்கு எழுந்ததும் கேட்டேன். "இது டாக்டரோட டபுள் இல்ல முதலாளி?"

"பழக்கதோஷம் சார். புதன்கெழம அவரு வூட்ல ஆடிக்கினு இருக்கோம். உங்களாண்ட சொன்னா பேஜாரா பூடும்னுதான்..."

புதன்கிழமை மண்டியில் தலைக்கு மேல் வேலை என்பார். திண்டிவனம் பஸ் முண்டியம்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. அங்கே அவர் இறங்குவார் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

விதிப்படி யார் மேலும் குற்றமில்லை. நான் எங்கள் ஒப்பந்தத்தைச் சரியாகச் சொன்னேன், அவர் மறந்தார். மறப்பதற்கு விதிப்புத்தகத்தில் தண்டனை கிடையாது.

"இனிமே உங்க முறையே வச்சிக்கலாம் சார்," என்றார்.

அதுநாள்வரை அது 'நம்ம முறை'.

"வேணாம். டாக்டர் முறையே இருக்கட்டும். சொல்லிக் குடுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. டாக்டரைப் போலவே விரல் மடக்கி விளக்க ஆரம்பித்தார். தெரிந்ததையெல்லாம் தெரியாதவன்போல் கேட்டுக்கொண்டேன். புதன்கிழமை நானும் வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அங்கே நான்காவது கை யார் என்று மட்டும் கேட்டேன்.