பிரஷ்ஷும் பழைய டிராக்டரும்

பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரஷ். வைத்தவன் சொந்த அண்ணன்.

துருவும் எலிக்கூடுமாகப் பள்ளிப் பட்டறைக்கு ஒரு பழங்கால டிராக்டர் வந்தது. மேல்வகுப்பு மாணவர்கள் அதைச் சீராக்கிக் கண்காட்சியன்று மைதானத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். பையன்கள் இன்ஜினைப் பிடித்துக்கொண்டார்கள். குழுவில் சேர்ந்த ஒரே பெண்ணிடம் அண்ணன் பிரஷ்ஷை நீட்டினான்.

"உனக்குத்தான் கலர் நல்லா வரும்."

அநியாயம் பெரும்பாலும் பாராட்டு வேடத்தில்தான் வரும். அவள் துருவைச் சுரண்டினாள், சிவப்புப் பெயின்டை இழைத்து இழைத்துப் பூசினாள். காதை மட்டும் இன்ஜின் பக்கம் வைத்திருந்தாள். சாப்பிடும்போதும் கேள்வி கேட்டு அண்ணனை விடமாட்டாள்.

"கார்புரேட்டரை அப்புறம் கழட்டலாம், முதல்ல தட்டைக் காலி பண்ணுங்க ரெண்டு பேரும்" என்பாள் அம்மா.

அவளுக்கு ஒரே ஆசை: கண்காட்சியில் அந்த டிராக்டர் இருக்கையில் தான் உட்கார வேண்டும். பட்டறை ஆசிரியையின் விதியும் அதற்கு இடம் கொடுத்தது: கடைசிப் பழுதை யார் சரிசெய்கிறாரோ, அவரே ஓட்டுவார்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடி, திக்கித் திணறி நின்றது. டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இருந்தது. பிளக்கை மாற்றினார்கள், ஓடியது. கைதட்டி முடிப்பதற்குள் நின்றது. மறுபடி மூடியைத் திறந்து பார்த்து, ஃபில்டரைக் கழுவினார்கள். ஓடியது. நின்றது.

"யார் கண்ணு பட்டுதோ" என்றார் தலைமையாசிரியர்.

கண் பட்டு வண்டி நிற்குமானால், உலகத்தில் அழகான வண்டி ஒன்றுகூட ஓடாது. மந்திரித்ததும் காய்ச்சல் விட்டது என்பவர்களின் கணக்கும் பையன்களின் கணக்கும் ஒன்றுதான்: கடைசியாக எதைச் செய்தோமோ அதுதான் மருந்து.

அவள் கணக்கு வேறு. "அண்ணா, ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்த அப்புறம்தான் ஓடுது. மத்த எதையும் தொடாம, அதை மட்டும் திறந்து பாரு."

"வந்துட்டா பெரிய மெக்கானிக்!" என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தான். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. வண்டி கிளம்பியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில், காற்று போக இருந்த ஊசித்துளை சிவப்புப் பெயின்டால் அடைந்திருந்தது. காற்று போகாத டேங்கிலிருந்து பெட்ரோல் எப்படி இறங்கும்? பூசியது அவள் கைதான். சொன்னால் மானம் போகும். சொல்லாமல் குத்திவிட்டால் யாருக்கும் தெரியாது.

"நான்தான் அடைச்சிருக்கேன்" என்றாள் உரக்க.

"பாத்தீங்களா! பெயின்ட் அடிக்கக்கூடத் தெரியல" என்று துள்ளினான் அண்ணன்.

"தெரியலதான். மூடியில ஓட்டை இருக்குன்னு எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தீங்களா? நான் அடைச்ச ஓட்டைக்கு நீ ஃபில்டர் வரைக்கும் பிரிச்சுப் போட்டியே, அதுக்கு யாரைக் கேக்கிறது?"

பட்டறையே சிரித்தது. அண்ணனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் கம்பியால் துளையைக் குத்தித் திறந்தாள்.

"பொண்ணு ஓட்டினா நல்லா இருக்குமா, டீச்சர்?" என்று இழுத்தார் தலைமையாசிரியர்.

"நின்னுபோனா நல்லா இருக்காது, சார். அவ ஓட்டினா நிக்காது" என்றார் ஆசிரியை.

கண்காட்சியன்று ஒரு சுற்றுதான் அனுமதி. சுற்று முடியும் இடத்தில் தலைமையாசிரியர் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் பதிலுக்குக் கையசைத்துவிட்டு இரண்டாவது சுற்றுக்குத் திருப்பினாள். பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான் அண்ணன்:

"ஏய், எனக்கும் ஒரு ரவுண்டு குடுடி!"